மெல்பர்னில் ஓர் இடம் இருக்கிறதாம்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஹோம்புஷில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலிருந்து காரை வெளியே எடுத்தேன். சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் கபிலனின் ஆறடி நான்கு அங்குல உடம்பை மலிவு விமானத்தின் இருக்கையில் மடித்து வைத்தால் இறங்கும்போது வலது முழங்கால் பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலை அந்த முழங்காலை நம்பித்தான் எங்கள் இரண்டு பேருடைய வாழ்க்கையும் இருந்தது. அதனால் ஹியூம் நெடுஞ்சாலையில் எண்ணூற்று எழுபது கிலோமீட்டரும் நான் ஓட்டுவது, அவர் பக்கத்து இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டு வருவது என்று ஏற்பாடு.

கபிலன் என் கணவர். கூடைப்பந்து ஆடுவது அவர் தொழில். இப்படிச் சொன்னால் திருச்சியில் என் சொந்தக்காரர்கள், "அது சரி, வேலை என்ன பார்க்கிறார்?" என்று கேட்பார்கள். அவர் சாவகச்சேரியில் பிறந்து, நான்கு வயதில் சிட்னிக்கு வந்து, மேய்ஸ் ஹில் பக்கம் வளர்ந்தவர். கல்யாணமான புதிதில் "நீர் வாரும்" என்பார்; எனக்குக் குழாயடிதான் ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்துக் கணவன்மார் மனைவியை மரியாதையும் உரிமையும் கலந்து கூப்பிடும் முறை அது என்று புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. எட்டு வருஷத்தில் அந்த 'நீர்' பல ஊர்களில் என் காதில் விழுந்துவிட்டது. கெய்ன்ஸ், பெண்டிகோ, மவுண்ட் கேம்பியர், நியூசிலாந்தில் நெல்சன், தாய்லாந்தில் ஓர் ஆட்டப் பருவம், மலேசியாவில் பாதிப் பருவம். ஒரு கிளப்பும் இரண்டாம் வருஷத்துக்குக் கூப்பிட்டதில்லை. ஆட்டம் மோசம் என்று யாரும் சொன்னதும் இல்லை. இவரைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுகிற ஒருவன் எப்படியும் அவர்களுக்குக் கிடைத்துவிடுவான், அவ்வளவுதான். இப்படி எங்கும் நிலைக்காமல் ஊர் ஊராக ஆடுகிற சுமாரான ஆட்டக்காரர்களை இங்கே ஜர்னிமேன் என்பார்கள். பயணி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. முழங்கால் அறுவைக்குப் பிறகு ஒரு பருவம் முழுக்க வீட்டில். செவ்வாய்க்கிழமை மாலை அவருக்கு ஒரு தொலைபேசி வந்தது. பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தவரின் முகம் மலர்ந்திருந்தது; அப்படி ஒரு முகத்தை நான் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் தோன்றியது.

"மெல்பர்ன்ல ஒரு இடம் இருக்காம். சனிக்கிழமை ட்ரையலுக்கு வரட்டாம்" என்றார்.

"அவங்களுக்கு உங்க நம்பர் எப்படித் தெரியும்?"

"முந்தி ஒருக்கா அங்க ட்ரையலுக்குப் போனனான் எல்லே. வச்சிருப்பாங்கள்."

ட்ரையல் என்றால் ஆடவிட்டுப் பார்த்து ஆள் எடுப்பது. நாட்டின் பெரிய லீக்கில் ஆடுகிற கிளப் அது. வாழ்நாள் முழுவதும் அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மறுப்பெதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் தற்காலிக வேலைதான் பார்த்து வந்திருக்கிறேன். முதல் தடவையாக சிட்னியில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது, வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். குழந்தையை வேறு 'இரண்டு வருஷ ஒப்பந்தம் ஒன்று கிடைக்கட்டும்' என்று தள்ளித் தள்ளி எனக்கும் முப்பத்து நான்கு ஆகிவிட்டது. புதன்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வெளியே வந்ததும், கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கேட்டேன். கிடைத்தால் வேலையை உதறிவிட்டு நான் மெல்பர்னுக்கு வருகிறேன். கிடைக்காவிட்டால்?

"விட்டிடுறன். சத்தியமா இதுதான் கடைசி" என்றார். கோயிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் நம்பினேன்.

கோல்பர்னில் எட்டு மணிக்கு நிறுத்தினோம். நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது. மூன்று மாடி உயரத்துக்குக் காங்கிரீட்டில் ஒரு செம்மறிக்கடா நிற்கிற ஊர். அதைப் படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். பேக்கரியில் இரண்டு காபியும் காய்கறி அடைத்த ஒரு பேஸ்ட்ரியும் பதினெட்டு டாலர். கல்லாவில் இருந்த பெண்மணி கபிலனை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீங்கள் பாஸ்கெட்பால் ஆடுபவரா?" என்றார். இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வரும். அடுத்த கேள்வியும் வரும்.

"எந்தக் கிளப்?"

"இப்போதைக்கு எதுவும் இல்லை. நாளைக்குத் தெரியும்" என்றார் கபிலன் சிரித்துக்கொண்டு. அந்தப் பெண்மணி நல்லவர். லாமிங்டன் என்கிற தேங்காய்ப்பூ கேக் ஒன்றைப் பையில் போட்டு, இது என் கணக்கு, நாளைக்கு நன்றாக ஆடுங்கள் என்றார். காரில் ஏறியதும் கபிலன் அதை என்னிடம் கொடுத்துவிட்டார். ட்ரையலுக்கு முதல் நாள் இனிப்புச் சாப்பிட மாட்டார்.

அங்கிருந்து கண்டகாய் வரை மேய்ச்சல் நிலம், மலைச்சரிவு, மறுபடி மேய்ச்சல் நிலம். பேச நிறைய நேரம். அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். இந்த இடத்தில் பெயர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இந்த நாட்டில் கேட்கிறார்கள் என்று அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். என் அப்பா முருகேசன், கபிலனின் அப்பா தர்மலிங்கம். எங்கள் தபால் பெட்டியில் ஒட்டியிருப்பதைப் படிக்கிறவர்கள் முருகேசன், தர்மலிங்கம் என்று இரண்டு கிழவர்கள் சேர்ந்து குடியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். விளையாட்டில் இன்னும் மோசம். பனியனின் முதுகில் குடும்பப் பெயர்தான் வரும். ஆங்கிலத்தில் தர்மலிங்கம் என்று எழுதினால் எழுத்துகள் ஓர் அக்குளில் தொடங்கி மற்ற அக்குளில் போய் முடியும். அறிவிப்பாளருக்கு வாய் வலிக்காதா? 'தர்மா' என்று வெட்டிவிட்டார்கள். கபிலன் என்கிற பெயர் கூடைப்பந்து உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய கைபேசிக்கு அழைப்பவன் யாராக இருந்தாலும், "ஹாய் தர்மா" என்றுதான் ஆரம்பிப்பான்.

பெண்டிகோவில் ஆடிய வருஷம் மாமா, அதாவது கபிலனின் அப்பா, ஒரு மேட்ச் பார்க்க வந்தார். யாரும் மறிக்காமல் கூடையில் போட வேண்டிய இரண்டு ஃப்ரீ த்ரோவைக் கபிலன் கடைசி நிமிஷத்தில் தவறவிட்டார். பின்வரிசையில் இருந்த பையன்கள், "தர்மா, வீட்டுக்குப் போ! தர்மா, நீ குப்பை!" என்று கத்தினார்கள். மாமா திரும்பிப் பார்த்தார். "என்னை ஏன் ஏசுறாங்கள்? நான் என்ன செய்தனான்?" என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். மாமாவும் சிரித்தார், ஆனால் அதற்குப் பிறகு ஒரு மேட்சுக்கும் வரவில்லை. அப்பாவின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பேச்சு வாங்கிக் கொடுக்கிறேன் என்று கபிலனுக்கு ஒரு குறை உண்டு.

"இந்த ஒரு வருஷம் பெரிய லீக்கில ஆடினா அப்பா வருவார். இல்லாட்டி டிவியிலையாவது பாப்பார், என்ன?" என்றார்.

"வருவாங்க" என்றேன்.

ஹோல்புரூக் என்ற சின்ன ஊரில் பகல் சாப்பாடு. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதம். கடலிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்த ஊரின் பூங்காவில் உண்மையான நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைப் புல்தரையில் பாதி புதைத்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அதன் முதுகில் ஏறி ஓடுகின்றன. பார்க்கவேண்டிய காட்சிதான், ஆனால் எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. கபிலன் நிழலில் படுத்து முழங்காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்தார். நான் பிடித்துவிட்டேன். உள்ளே ஏதோ சொடுக்குப் போடுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தொடர்ந்து பிடித்துவிட்டேன்.

ஆல்பரிக்கு முன்னும் பின்னும் கனோலா பூத்திருந்தது. செப்டம்பரில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நம் கடுகுச் செடிக்குச் சொந்தம்தான் அது, வானம் தொடும் வரை மஞ்சள். ஆற்றைத் தாண்டினால் விக்டோரியா மாநிலம். இன்னும் முன்னூற்று இருபத்தைந்து கிலோமீட்டர். மாலை ஐந்து மணிக்கு கிளென் வேவர்லியில் ஒரு மோட்டலில் இறங்கினோம். அறை நூற்று அறுபத்தைந்து டாலர். விளையாட்டு அரங்கம் அங்கிருந்து பத்து நிமிஷத் தூரம். ரயில் பாதை முடிகிற ஊர் இது. நல்ல பள்ளிக்கூடம் இருப்பதால் நம்மவர்கள் போட்டி போட்டு வீடு வாங்குகிறார்கள். சாயங்காலம் நடந்தபோது ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒரு கூடைவளையம் நின்றது. அவற்றையெல்லாம் நின்று நின்று பார்த்துக்கொண்டு வந்தார் கபிலன். இங்கே வீடு எடுத்தால் உமக்கு ரயில் வசதி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றார். இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டு நானும் கூடவே நடந்தேன். பொய் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணி. பெரிய கொட்டகை, பளபளக்கும் மரத்தரை, பத்துப் பதினைந்து ஆட்டக்காரர்கள். பார்வையாளர் பலகையில் என்னைத் தவிர ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுத் தமிழர், கையில் ஃபிளாஸ்க். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "தமிழே? இருங்கோ பிள்ளை" என்று இடம் ஒதுக்கினார். அவர் மகனும் வந்திருக்கிறானாம். உள்ளூர் லீக்கில் ஆடுகிறவன், இருபத்தொரு வயது, நிரோஷன் என்று பெயர். தனக்கு ரயில்வேயில் வேலை என்றார். தன் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரியவர்களிடம் பெயர் கேட்கிற பழக்கம் நமக்கு ஏது?

அணியின் மேலாளர் கையில் டேப்லெட்டுடன் நடுவில் வந்து நின்று பெயர்களை வாசித்தார். நான்கைந்து பேருக்குப் பிறகு, தட்டுத் தடுமாறி, "தர்மா... தர்மலிங்கம்" என்றார்.

இரண்டு கைகள் உயர்ந்தன.

என் பக்கத்தில் இருந்த பெரியவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பெயரைத்தானே கூப்பிட்டார்கள்.

மேலாளர் கபிலனைப் பார்த்தார். நிரோஷனைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார். பிறகு தன் கைபேசியை எடுத்து அதில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. 'அந்தத் தர்மலிங்கத்தைக் கூப்பிடு' என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். மேலாளரின் கைபேசியில் பழைய தர்மலிங்கம் ஒருவரின் எண் இருந்தது. உலகத்தில் எத்தனை தர்மலிங்கம் இருக்க முடியும் என்று அந்த மனுஷன் நினைத்திருப்பார். பயிற்சியாளரே வியாழக்கிழமை நிரோஷனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார் என்று பெரியவர் பிறகு சொன்னார்; அதனால் இவனும் வந்துவிட்டான்.

"நீங்கள் சகோதரர்களா?" என்றார் மேலாளர்.

"இல்லை" என்றார் கபிலன்.

"மாமனா? ஒரே குடும்பம்தானே?"

இல்லை, இல்லை என்று இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நம்மில் ஒரே பெயர் கொண்ட இரண்டு அப்பாக்களுக்குச் சம்பந்தமே இருக்காது என்பதை அந்த நடுத்தரையில் நின்று யார் விளக்குவது? மேலாளர் கபிலனின் தோளில் கை வைத்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மன்னிப்புத்தான். பெட்ரோல் செலவைக் கிளப் கொடுக்கும் என்றும் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. கபிலன் திரும்பி என்னைப் பார்ப்பார், நான் எழுந்திருப்பேன், இரண்டு பேரும் காருக்குப் போவோம் என்று கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "பரவாயில்லை. ஆட்டத்துக்கு ஆள் குறைந்தால் நான் ஓடுகிறேன். வந்துவிட்டேன்தானே" என்று ஆங்கிலத்தில் அவரே கேட்டார். ஆள் குறையவில்லை. இருந்தும் இரக்கப்பட்டு ஆட விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நான் பார்த்ததைப் போல ஓர் ஆட்டத்தை அவர் எங்கேயும் ஆடி நான் பார்த்ததில்லை. புள்ளி எடுத்தார் என்று சொல்லவில்லை. அவர் பந்தைக் கூடையை நோக்கி வீசியது மூன்று தடவையோ நான்கு தடவையோ. யார் எங்கே நிற்கவேண்டும், எவன் பின்னாலிருந்து வருகிறான் என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டே இருந்தார். நிரோஷனை ஒருவன் மறித்தால் குறுக்கே போய் நின்று அந்த இடியை நெஞ்சில் வாங்கிக்கொண்டார். அந்தப் பையன் விடுபட்டு ஓடினால் பந்து அவன் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நிரோஷன் எடுத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் என் கணவர் ஊட்டிவிட்டது. தன் இடத்தை எடுத்துக்கொள்ள வந்தவனைத் தூக்கிவிட்டுக்கொண்டிருக்கிறார், இந்த மனுஷனுக்குப் பைத்தியமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் பெரியவர், "உங்கட அவர் நல்லா விளையாடுறார் பிள்ளை, நல்லா விளையாடுறார்" என்று ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். நான் வாங்கிக் குடித்தேன்.

முடிந்ததும் பயிற்சியாளர் நிரோஷனின் கையைக் குலுக்கினார். ஒப்பந்தம் அவனுக்கு. பிறகு கபிலனை ஓரமாகக் கூப்பிட்டார். நான் படிகளில் இறங்கிக் காதில் விழும் தூரத்துக்குப் போனேன். உங்களைப் போல அனுபவம் உள்ளவர் பயிற்சிக்கு இருந்தால் பையன்களுக்கு நல்லது, இந்தப் பருவம் முழுக்க எங்களோடு பயிற்சி செய்கிறீர்களா, சம்பளம் கொடுக்க வழியில்லை, மேட்சில் இறக்க முடியாது, முழங்காலுக்குப் பிசியோ சிகிச்சையும் சாப்பாடும் உண்டு என்றார். உங்களுக்கு இடமில்லை என்று அந்த ஆள் நேரடியாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"யா, யா, ஒஃப் கோர்ஸ்" என்றார் கபிலன். பயிற்சியாளர் பேசி முடிக்கக்கூட இல்லை.

பெரியவருக்கு ஒரே சந்தோஷம். தன் பெயரால் நடந்த குழப்பம் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு மனசு கேட்கவில்லை. "எங்கட வீட்டில ஒரு அறை சும்மா கிடக்கு தம்பி. நீர் வாடகை ஒண்டும் தரத் தேவையில்லை. இவனோடயே போய் வரலாம்" என்றார். இப்படி ஒரு நல்ல மனுஷனை நான் அந்த நிமிஷம் வெறுத்தேன். அவர் உதவியிருக்காவிட்டால் தங்க இடமில்லை என்றாவது கபிலன் திரும்பியிருப்பார்.

கார் நிறுத்துமிடத்தில் கபிலனைப் பிடித்துக்கொண்டேன்.

"கிடைக்கலைன்னா விட்டுடறேன்னு சொன்னீங்களே?"

"கிடைக்கேல்லை எண்டு ஆர் சொன்னது? உள்ளுக்கு வந்திட்டன் எல்லே" என்றார். வியர்வை காயாத முகம், கண்ணெல்லாம் வெளிச்சம். "சீசன் நீளம். ஆராவது ஒருத்தனுக்குக் காயம் வரும். அப்ப என்னைத்தான் இறக்குவினம்."

"அப்ப நான் யாரோட கால் உடையணும்னு வேண்டிக்கணும்? சொல்லுங்க. மேய்ஸ் ஹில்ல யார் பேருக்கு அர்ச்சனை பண்ணட்டும்? நிரோஷன் பேருக்கா?"

"நீர் அப்பிடிக் கதையாதையும்."

"இந்த நாட்டுல சம்பளமில்லாத வேலைக்கு நாய்கூடப் போகாது கபிலன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குனிந்து என் தலையில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார். "எனக்கு வேற ஒண்டும் தெரியாது" என்றார் மெதுவாக. "நான் என்ன செய்யிறது, சொல்லும்." டிக்கியைத் திறந்து அவருடைய இரண்டு பைகளையும் எடுத்து வெளியே வைத்தேன். பின்னாலேயே வந்த பெரியவரும் நிரோஷனும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டார்கள்.

மெல்பர்ன் எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சாலைகள் சிட்னியைவிட அகலம், நேர்கோடு, வழி தவறுவது கஷ்டம். டிராம் போகிற பக்கம் நான் போகவே இல்லை. ஊரை விட்டு வெளியேறும்போது மழை பிடித்தது. வாங்கராட்டா தாண்டும் வரை விடவில்லை. பக்கத்து இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளியபடியே இருந்தது. அதை முன்னால் இழுக்கிற கைப்பிடி எங்கே இருக்கிறது என்று ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தித் தேடினேன், கிடைக்கவில்லை.

மாலை ஆறரைக்கு ஆல்பரியில் ஒரு மோட்டலில் அறை எடுத்தேன். இது நூற்று முப்பது டாலர். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும் என்று வரவேற்பில் சொன்னார்கள். திறக்கவில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் சிட்னியிலிருந்து மாமி அழைத்தார். காலையிலிருந்து மகனை அழைத்துப் பார்த்திருக்கிறார், எடுக்கவில்லையாம்.

"என்ன பிள்ளை, இடம் கிடைச்சுதோ?"

"கிடைச்சிருக்கு மாமி. சம்பளம் இல்லை. பயிற்சிக்கு மட்டும். மேட்ச் ஆட விட மாட்டாங்க."

பின்னால் மாமா செய்தி பார்க்கும் சத்தம் கேட்டது.

"இப்ப எங்க நிக்கிறியள்?"

"நான் மட்டும் ஆல்பரியில. அவர் அங்கேயே தங்கிட்டார்."

"அப்ப அவன் எப்ப வாறான்?"

சீசன் முடிந்ததும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வரமாட்டார் மாமி" என்று வந்தது. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது.

மாமி அழுவார், ஏசுவார், என்ன பேச்சு இது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. மாமாவிடம் அவர் ஏதோ சொன்னார். பிறகு கைபேசியை வாய்க்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு, "திங்கக்கிழமை நீ அந்த வேலைக்குப் போ பிள்ளை" என்றார். "அதை விட்டிடாதை."